மேடைக்கு வெளிச்சம் தந்த மணல்

'வைதேகி காத்திருந்தாள்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1984ல் வந்தது. கதை மறந்துபோயிருந்தாலும் கவுண்டமணியின் சைக்கிள் கடையை மறந்திருக்க மாட்டீர்கள். வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் தருகிற கடை. செந்தில் அங்கே வந்து நிற்பார். விளக்குக்குள் தொங்கும் வெள்ளை மேன்டிலைப் பார்த்து, இது எப்படி எரிகிறது என்று அப்பாவியாகச் சந்தேகம் கேட்பார். கேட்டதோடு விடாமல் அதைத் தொட்டு நசுக்கியும் விடுவார். மேன்டில் பொடிப்பொடியாக உதிரும். கவுண்டமணி கொதித்துப்போவார். 40 வருஷமாகத் தமிழ்நாடு அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

சிரித்து முடித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள். செந்தில் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி! மண்ணெண்ணெய் எரிந்தால் மஞ்சளாகப் புகைந்துகொண்டுதானே எரிய வேண்டும்? அந்தக் குட்டி வலைப்பை மட்டும் எப்படி நிலா மாதிரி வெள்ளையாகப் பிரகாசிக்கிறது? அவ்வளவு சூட்டிலும் ஏன் உருகாமல் இருக்கிறது? தொட்டால் மட்டும் ஏன் சாம்பலாக உதிர்கிறது?

அது சாம்பல்தான். ஆனால், சாதாரணச் சாம்பல் இல்லை. தோரியம் என்ற உலோகத்தின் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே, கடலை ஒட்டிய மணவாளக்குறிச்சி!

கூத்து, நாடகம், சினிமா என்று கலையின் சரித்திரத்தை எழுதும்போது நாம் யாரையெல்லாம் எழுதுகிறோம்? ஆசிரியர், நடிகர், பாடகர், இயக்குநர். நியாயம்தான். ஆனால், அவர்கள் முகத்தில் விழுந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது, முகத்தில் பூசிய சாயத்தில் என்ன இருந்தது, அது அவர்கள் உடம்பை என்ன செய்தது என்று யாராவது எழுதுகிறோமா? இந்தக் கடற்கரையின் மணலைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் கதை முழுசாக வந்துவிடும். வாருங்கள், போவோம்.

* * *

ஊர்ப் பெயரில் மணல் ஒளிந்திருப்பது போல ஒரு மயக்கம் வரும். உண்மையில் அது மணவாளன். மண்டைக்காடு பகவதி கோயிலுக்குப் பக்கத்து ஊர். மாசி மாதக் கொடைக்கு மண்டைக்காட்டில் கூட்டம் அலைமோதும். சுற்றிலும் மீன்பிடிக் கிராமங்கள், தென்னந்தோப்புகள். நடந்து கடற்கரைக்குப் போனால் மணல் வெள்ளையாக இருக்காது. பல இடங்களில் கறுப்பு, சில இடங்களில் செம்பழுப்பு. வெயிலில் மினுமினுக்கும். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கும்.

கனத்துக்குக் காரணம் அதில் கலந்திருக்கிற கனிமங்கள். கறுப்பு, இல்மனைட். சிவப்பு, கார்னெட். மஞ்சள் கலந்த பழுப்பில் குட்டி குட்டியாக மின்னுவது மோனசைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் லட்சக்கணக்கான வருஷங்களாக மழையில் கரைந்து, ஆறுகளில் உருண்டு, கடலில் விழுகின்றன. அலை என்ன செய்கிறது? சுளகில் அரிசி புடைக்கிற மாதிரி லேசான மணலை அடித்துக்கொண்டு போய்விட்டுக் கனமானதைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. இயற்கையே புடைத்துக் குவித்த புதையல்!

1909 வரை இது புதையல் என்று யாருக்கும் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன்னால் நாம் கொஞ்சம் வியன்னா வரை போய் வர வேண்டும்.

* * *

1881 டிசம்பர் 8. வியன்னாவின் ரிங் தியேட்டர். அந்தக் காலத்து ஐரோப்பிய நாடக அரங்குகள் பெரும்பாலும் கியாஸ் வெளிச்சத்தில் நடந்தன. திறந்த ஜுவாலை, பக்கத்திலேயே துணித் திரைகள், மரச் சட்டங்கள். அன்றைக்கு நாடகம் தொடங்கும் நேரத்தில் விளக்கேற்றும்போது தீ பிடித்தது. பயந்துபோய் கியாஸை மொத்தமாக அணைத்தார்கள். இருட்டில் வழி தெரியவில்லை. கிட்டத்தட்ட 400 பேர் செத்துப்போனார்கள்.

மேடைக்கு வெளிச்சம் என்பது எத்தனை ஆபத்தான சமாசாரமாக இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நம்மூரும் விலக்கல்ல. தீப்பந்தத்தில் கூத்து, எண்ணெய் விளக்கில் பாவைக்கூத்து, ஓலைக் கொட்டகையில் நாடகம். ஒரு பொறி போதும்.

அந்த வியன்னாவைச் சேர்ந்தவர்தான் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் என்ற ரசாயன விஞ்ஞானி. அரிய மண் தனிமங்கள் என்று சொல்லப்படுகிற, அப்போது யாரும் சீண்டாத உலோகங்களைப் பிரித்துப் பார்ப்பது அவருக்குப் பைத்தியம். அந்த உப்புகளில் நனைத்த பஞ்சு நூலைச் சுடரில் காட்டினார். நூல் எரிந்துபோய்விட்டது. ஆனால், நூலின் வடிவத்திலேயே ஒரு எலும்புக்கூடு மிஞ்சி, பளிச்சென்று ஒளிர்ந்தது! 1885ல் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வாங்கி என்ன பிரயோஜனம்? வெளிச்சம் பச்சையாக இருந்தது. பச்சை வெளிச்சத்தில் மனித முகம் எப்படி இருக்கும்? பிணம் மாதிரி! யார் வாங்குவார்கள்? மேன்டிலும் தொட்டால் உடைந்தது. 1889ல் தொழிற்சாலையையே மூட வேண்டியதாயிற்று. மனுஷன் விடவில்லை. கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தார். 1891ல் சரியான பக்குவம் கிடைத்தது. 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். அவ்வளவுதான்! வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது. தோரியம் ஆக்சைடு உருக 3,300 டிகிரி சென்டிகிரேட் வேண்டும். ஆகவே, எந்த விளக்குச் சுடரும் அதை அசைக்க முடியாது. சூடேறி ஒளிரத்தான் முடியும். செந்திலின் சந்தேகத்துக்கு விடை இதுதான்.

கொஞ்ச காலத்தில் பெர்லினில் இந்த மேன்டிலை மண்ணெண்ணெய் விளக்கோடு சேர்த்தார்கள். காற்றடித்து எண்ணெயை ஆவியாக்கி எரிக்கிற விளக்கு. செய்த மேக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் பெயரையும் பெட்ரோலியத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள்... பெட்ரோமாக்ஸ்!

உலகத்துக்கெல்லாம் மேன்டில் வேண்டும். மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அப்போது பெருமளவு மோனசைட் பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது. வியாபாரம் ஜெர்மானியக் கம்பெனிகளின் பிடியில்.

இந்த நேரத்தில்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் கதைக்குள் வருகிறார். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கயிறு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணலும் இலவசமாகப் போனது. வாங்குகிறவர்களுக்கு அது கலப்படம், எரிச்சல். ஷோம்பர்க்குக்கோ அந்த மணலில் மஞ்சளாக மின்னியது கண்ணில் பட்டது. ஆராய்ந்தார். மோனசைட்! கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். 1909ல் கண்டுபிடிப்பு. 1910ல் மணவாளக்குறிச்சியில் ஆலை. பிறகு கொல்லத்துக்கு அருகே சவராவில் இன்னொன்று.

நாலே வருஷம். முதல் உலகப் போர் வெடித்தது. ஜெர்மானியரான ஷோம்பர்க்கை உளவாளி என்று சொல்லி பிரிட்டிஷ்காரர்கள் கைது செய்தார்கள். ஆலைகள் லண்டன் கம்பெனிகளின் கைக்குப் போயின. கயிற்றில் ஒட்டிய மணலைக் கண்டுபிடித்தவருக்குக் கடைசியில் கிடைத்தது விலங்கு!

* * *

மணல் கப்பலேறிப் போய், மேன்டிலாகத் திரும்பி வந்தது. நாஞ்சில் நாட்டிலும் தமிழ்நாட்டின் மற்ற மூலைகளிலும் மக்கள் அதை 'கியாஸ் லைட்டு' என்று கூப்பிட்டார்கள். கல்யாணம், சாவு, திருவிழா, அரசியல் கூட்டம் எதுவானாலும் கியாஸ் லைட்டு. முக்கியமாக, நாடகம்.

வெளிச்சம் மாறினால் நடிப்பும் மாறும். எப்படி என்கிறீர்களா? பழைய கதகளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் இங்கே அதற்கு நல்ல மவுசு. முன்னால் ஒரே ஒரு பெரிய குத்துவிளக்கு. இரண்டு தடித் திரிகள். அந்த அசைகிற வெளிச்சத்தில் முகம் தெரிய வேண்டும் என்றால் முகத்தையே பெரிதாக்க வேண்டும். கன்னத்தைச் சுற்றி வெள்ளை வளையம், பச்சை முகம், கறுப்பு மையில் பெரிய கண். கண்ணே பேச வேண்டும் என்பதால், இமைக்குள் ஒரு சின்ன விதையை வைத்துக் கண்ணைச் சிவக்க வைத்துக்கொள்வார்கள். விளக்கு எட்டுகிற தூரம்தான் மேடை.

பெட்ரோமாக்ஸ் வந்தது. மேடை முழுக்க நிலைத்த வெள்ளை வெளிச்சம். பின்னால் நிற்கிற சின்ன வேஷக்காரன் முகமும் தெரிகிறது. புருவத்தை லேசாக உயர்த்தினால் போதும், பத்தாவது வரிசைக்குப் புரிகிறது. ராஜா, ராணி, அசுரன் என்று இல்லாமல், சாதாரண வேட்டி சட்டையில் வருகிற ஆளின் முகத்தையும் உட்கார்ந்து பார்க்கலாம். சமூக நாடகங்கள் வளர்ந்ததற்கு எத்தனையோ காரணங்கள். அதில் இந்த வெளிச்சமும் ஒன்று என்று சொன்னால் மிகையில்லை.

இந்த மாற்றத்தின் நடுவில் வளர்ந்த பிள்ளைதான் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன். மணவாளக்குறிச்சி மணல் தோண்டப்பட்டபோது அவர் தவழ்ந்துகொண்டிருந்தார். வறுமையான குடும்பம். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற பையன். வில்லுப்பாட்டு கற்றவர். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அவர்களோடு 1935ல் 'மேனகா' படத்தில் நடித்தார். அவருடைய காமெடியில் குட்டிக்கரணம் கிடையாது. ஒரு பார்வை, ஒரு இழுப்பு, உதட்டோரம் ஒரு சிரிப்பு. குத்துவிளக்குக் காலத்தில் அந்தச் சிரிப்பு இரண்டாவது வரிசையோடு நின்றிருக்கும்!

ஆனால், வெளிச்சம் நல்லது மட்டும்தான் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். முன்பு எண்ணெய்க்கும் பந்தத்துக்கும் கணக்குப் பார்த்துத்தான் கூத்து. இப்போது விடிய விடிய நாடகம் போட முடிந்தது. பாலர் கம்பெனிகள் என்று இருந்தன, தெரியுமா? சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தது அதில்தான். இப்படிப் பல கம்பெனிகள். பிள்ளைகள் இரவு முழுக்க நடிப்பார்கள். பகலில் தூக்கம், பாடம், ஒத்திகை. பள்ளிக்கூடமும் அதுதான், வீடும் அதுதான். கலையைக் கற்றுத் தந்த அதே கொட்டகை அவர்களின் இரவுகளையும் எடுத்துக்கொண்டது.

இன்னொரு இழப்பும் உண்டு. குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து நடத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டில் மராத்தி, கூத்தில் தமிழ். தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய ராமனும் ராவணனும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஆடுவார்கள். அந்தக் கலைக்கு எண்ணெய் விளக்கு ஒரு கருவி மட்டுமில்லை, உயிர். சுடர் அசையும்போது பாவையின் நிழல் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். நிலைத்த வெளிச்சம் வந்ததும் நிழல் தெளிவானது. மூச்சு நின்றுபோனது. அப்புறம், அதே திரை, அதே வெளிச்சம், ஆனால் பேசுகிற பாவைகளோடு சினிமா வந்தது. பாவைக்கூத்துக்காரர்களின் கூட்டம் கலைந்தது.

வெளிச்சம் ஒரு கலையை வளர்க்கிறபோதே இன்னொரு கலையை அணைக்கவும் செய்யும்!

* * *

இப்போது விளக்கை விட்டு முகத்துக்கு வருவோம்.

நடிக்கப் போகிறவரை 'அரிதாரம் பூசுகிறார்' என்கிறோம். எவ்வளவு அழகான வார்த்தை! ஆனால், அரிதாரம் என்றால் என்ன? மஞ்சள் நிறக் கல்லைப் பொடித்த தூள். ரசாயனத்தில் அதன் பெயர் ஆர்சனிக் சல்பைடு. ஆமாம், ஆர்சனிக். பாஷாணம்! கதகளிக்காரர்கள் 'மனயோலை' என்று முகத்தில் பூசுவதும் இந்த வகைதான். அதோடு நீலத்தைக் கலந்தால் பச்சை வேஷம். சிவப்புக்குச் சாதிலிங்கம். அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. வெள்ளைக்கு உலகம் முழுக்கப் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது ஈய வெள்ளை.

ஆக, மேடையேறுகிறவர் முகத்தில் ஆர்சனிக், பாதரசம், ஈயம் மூன்றும் குடியேறிய காலம் ஒன்று இருந்தது. சுத்தமான அரிதாரமும் சாதிலிங்கமும் எளிதில் கரையாது என்பது ஓரளவு ஆறுதல். ஆனால், கடைத்தெருத் தூளில் வேறு பாஷாணம் கலந்திருக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்? தேங்காயெண்ணெயில் குழைத்து, வியர்வையோடு இரவு முழுக்க முகத்தில் வைத்திருந்து, வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் போனால்?

இது கற்பனைப் பயம் இல்லை. ஜப்பானின் கபுகி நடிகர்கள் முகம், கழுத்து எல்லாம் ஈய வெள்ளையை அப்பிக்கொள்வார்கள். 1887ல் பேரரசர் மெய்ஜி முன்னிலையில் கபுகி நடந்தது. நகாமுரா ஃபுகுசுகே என்ற இளம் நட்சத்திரம் மேடையில் நிற்கிறார். கால் நடுங்குகிறது, நிற்கவே இல்லை. பேரரசர் முன்னால் வந்த பயம் என்று நினைத்தீர்களா? பரிசோதித்த டாக்டர்கள் சொன்னது வேறு. ஈய விஷம்! நாடே அதிர்ந்தது. 1904ல் ஈயம் கலக்காத முகப்பூச்சு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஈயப் பூச்சுக்கு முழுத் தடை வர 1930கள் ஆயின. அரை நூற்றாண்டு! அழகு என்று வந்துவிட்டால் ஆபத்தை விட்டுக்கொடுக்க மனசு வருவதில்லை.

ஹாலிவுட்டும் சளைத்ததில்லை. 1938ல் 'விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தகர மனிதனாக நடிக்க வந்தவர் பட்டி எப்சன். அலுமினியத் தூளை முகத்தில் பூசினார்கள். அது நுரையீரலுக்குப் போய், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்தார். ஸ்டூடியோ என்ன செய்தது? வேறு நடிகரைப் போட்டுப் படத்தை எடுத்து முடித்தது.

சரி, ஈயத்துக்கு மாற்று என்ன? முதலில் துத்தநாக வெள்ளை வந்தது. அதன் பிறகு எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட ஒன்று வந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு. ஈயத்தைவிட வெண்மை அதிகம், மூடுகிற சக்தி அதிகம், தோலில் பூசினால் விஷம் இல்லை. 1916ல் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இதைத் தொழில் ரீதியாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு மூலப்பொருள் எது? இல்மனைட். அதாவது, மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாகக் கிடந்ததே, அந்த மணல்!

வேடிக்கையைக் கவனியுங்கள். மோனசைட்டைப் பொறுக்கிக்கொண்டு, இல்மனைட்டைக் கழிவு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1922ல் அந்தக் கழிவு ஏற்றுமதியாகத் தொடங்கியது. 1930களில் உலகச் சந்தையின் மிகப் பெரிய இல்மனைட் ஏற்றுமதியாளர் திருவிதாங்கூர்தான். கறுப்பு மணல் போய் உலகத்தின் வெள்ளை நிறமாக மாறியது. வீட்டுச் சுவரின் பெயின்ட், காகிதம், பவுடர், நடிகர்களின் முகப்பூச்சு... இன்றைக்கும் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து பின்னால் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். டைட்டானியம் இருக்கும்.

இதுவும் முழுக்க நிரபராதி இல்லை. தோலில் பூசினால் பிரச்னை இல்லை, தூளாக மூக்குக்குள் போனால் நல்லதில்லை. சாப்பாட்டில் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2022ல் தடை செய்துவிட்டது. ஆனால், ஈயத்தோடு ஒப்பிட்டால் இது தெய்வம். எத்தனையோ நடிகர்களின் நரம்பையும் உயிரையும் சத்தமில்லாமல் காப்பாற்றிய வெள்ளை.

* * *

சினிமாவுக்கும் இந்த மணல் போனது. பழைய கொட்டகைகளில் புரொஜக்டருக்குப் பின்னால் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும். நடுவில் பாய்கிற மின் வில்தான் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் திரைக்குக் கொண்டுவந்த வெளிச்சம். வெறும் கார்பன் போதாது. குச்சியின் நடுவில் சீரியம் போன்ற அரிய மண் தனிமங்களின் உப்பை அடைத்தால் வெளிச்சம் பல மடங்கு கூடும், நல்ல வெள்ளையாகவும் இருக்கும். அந்தச் சீரியம் கிடைப்பதும் மோனசைட்டில்தான்!

அதற்கும் ஒரு விலை இருந்தது. ஹாலிவுட்டில் மௌனப் பட காலத்தில் ஸ்டூடியோவுக்குள் இதே போன்ற வில் விளக்குகளை வைத்துப் படமெடுத்தார்கள். அதன் புற ஊதாக் கதிர் பட்டு நடிகர்களின் கண் சிவந்து, வீங்கி, மணல் விழுந்த மாதிரி உறுத்தும். விளக்கின் பெயரை வைத்து அதற்கு 'கிளீக் கண்' என்றே ஒரு வியாதிப் பெயர். ரசிகர்கள் கொண்டாடிய கண்களை நடிகர்கள் பல நாள் திறக்க முடியாமல் கிடந்தார்கள். நம்மூர்க் கொட்டகைகளில் ஆபரேட்டர்கள் ஜன்னல் இல்லாத சின்ன அறையில், கார்பன் புகையைச் சுவாசித்துக்கொண்டு, காட்சிக்குக் காட்சி குச்சியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டைட்டிலில் அவர்கள் பெயர் வந்ததே இல்லை.

* * *

1945க்குப் பிறகு மணலின் ஜாதகமே மாறியது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததும், தோரியம் என்றால் மேன்டில் என்பது போய், தோரியம் என்றால் அணுசக்தி என்றாகிவிட்டது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், சமஸ்தானம் தனி நாடாக நிற்கும் என்று 1947 ஜூன் 11ல் அறிவித்தார். அந்தத் தைரியத்துக்குப் பின்னால் இந்த மணலும் இருந்தது. லண்டனும் வாஷிங்டனும் அதன் மேல் கண் வைத்திருந்தன. ஜூலை 25ம் தேதி, திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி விழாவுக்கு வந்த திவானை ஒருவர் வெட்டினார். உயிர் பிழைத்தார். சில நாட்களில் சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்தது. மணலின் அரசியல் முடிந்த இடம்கூட ஒரு சங்கீத விழா!

1950 ஆகஸ்ட் 18ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955ல் பம்பாய் டிராம்பேயில் தோரியம் ஆலை. அங்கே தயாரானதில் பெரும்பங்கு எதற்குப் போனது தெரியுமா? மேன்டில் செய்யத்தான்! கவுண்டமணி கடைக்கு வெளிச்சம் இப்படித்தான் வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1965ல் மணவாளக்குறிச்சி ஆலையும் அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. இன்றும் இயங்குகிறது.

சினிமா இந்தக் கரைக்கு நேரிலேயே வந்தது. பாரதிராஜா பக்கத்து ஊர் முட்டத்தில் 1981ல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986ல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்தார். பாறையும் அலையும் தேவாலயமும் திரையில் வந்து தமிழ்நாட்டையே கிறங்கடித்தன. அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் கவலை மட்டும் எந்தப் பாட்டிலும் வரவில்லை.

அந்தக் கவலை என்ன? மோனசைட் தோரியம் உள்ள மணல். தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். அதன் பாதி கரைய 1,400 கோடி வருஷங்கள் ஆகும். இந்தக் கரையோரங்களில் இயற்கையாகவே கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதனால் புற்றுநோய் வருகிறதா? கேரளத்தின் கருநாகப்பள்ளிப் பகுதியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கும் மேல் கவனித்த ஆய்வு 2009ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் அதிகரித்ததாகத் தெரியவில்லை என்றது. விஞ்ஞானிகள் அதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் தெருவில் நோயால் படுத்தவர்களின் பெயர்களை விரல் விட்டு எண்ணிக் காட்டுகிறார்கள். கிடக்கிற மணல் வேறு, தோண்டிப் பிரித்துத் தூசி பறக்கிற மணல் வேறு என்பது அவர்கள் வாதம். கரை அரிக்கிறது, கடல் வீட்டை நோக்கி வருகிறது என்பது இன்னொரு வாதம். 2024ல் கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் புதிதாக மணல் எடுக்கத் திட்டம் வந்தது. மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. கடலோரக் கிராமங்களின் எதிர்ப்பால் அது தள்ளிப்போனது.

இரண்டு தரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால், கபுகி நடிகரின் கால் நடுங்கியபோது என்ன நடந்தது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். 'பல நூறு வருஷமாகப் பூசுகிறோமே, யாருக்கு என்ன ஆயிற்று?' என்றுதான் அதுவரை எல்லோரும் இருந்தார்கள். ஒரு டாக்டர் உட்கார்ந்து பரிசோதித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. தெரிந்த பிறகு கபுகி ஒன்றும் செத்துப்போகவில்லை. ஈயம் போனது, கலை இருந்தது. மேடையின் சரித்திரம் முழுக்க இதுதான் பாடம். உடம்பைக் காப்பாற்றினால் கலை கெட்டுவிடும் என்று பயந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பயம் பொய்யாகித்தான் போயிருக்கிறது.

நடிகருக்குக் கிடைத்த அந்த நியாயம் மணலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் கிடைக்க வேண்டாமா? வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, தூசியை அளந்து, கண்டதை அவர்களுக்குப் புரிகிற தமிழில், அவர்கள் ஊரிலேயே உட்கார்ந்து சொல்வது ஒன்றும் பெரிய சலுகை இல்லை. நூறு வருஷமாக உலகத்துக்கு வெளிச்சம் அனுப்பியவர்கள் அவர்கள். தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று வெளிச்சம் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான்!